பெயரிலார் மன்றத்தின் குழூஉக்குறிகள்

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். நன்னூலைப் பாடஞ் சொல்லும் தமிழாசிரியர் குழூஉக்குறிக்கு எடுத்துக்காட்டாக இம்மூன்றையும் கூறுவது மரபு. (உண்டவன் வாயிலிருந்து உள்ளத்துச் சொல்லெல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பதை வேடர் பட்டறிந்தே கள்ளுக்கு அப்பெயர் இட்டனர் போலும்.) ஒரு கூட்டத்தார் ஏதேனும் ஒரு காரணம் பற்றி, ஒரு பொருளின் வழக்கமான பெயரை ஒழித்துத் தமக்குள் வேறொரு பெயரால் வழங்குவது குழூஉக்குறி. அதனை இடக்கரடக்கல், மங்கலம் ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கு என வகுத்தனர் நம் இலக்கண நூலார். பிழை என்று தள்ளினாரல்லர். வழக்கு என்றே கொண்டனர்.

இவ்வெடுத்துக்காட்டுகளில் வரும் கூட்டங்கள் மூன்றும் தொழிலால் அமைந்தவை. ஒரு கொல்லனை மற்றொரு கொல்லன் முகத்தாலும் ஊராலும் அறிவான். அவனுடைய குறிச்சொல், எதிரே அமர்ந்திருக்கும் பிறருக்குப் பொருள் விளங்காதிருத்தற் பொருட்டு எழுந்தது. இனி, தொழிலும் ஊரும் முகமும் பெயரும் இல்லாத ஒரு கூட்டம் இருப்பின், அதற்கும் குழூஉக்குறி தோன்றுமோ? தோன்றின் அது எதன் பொருட்டு? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஜப்பான் நாடு அரியதொரு வாய்ப்பைத் தந்துள்ளது.

அமெரிக்காவில் அர்க்கன்சா மாநிலத்தில் கல்வி பயின்றுகொண்டிருந்த நிஷிமுரா ஹிரோயுகி என்னும் ஜப்பானிய மாணவர், 1999ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இணையத்தில் ஓர் உரையாடல் மன்றத்தைத் திறந்தார். 'நி சன்னெரு' என்பது அதன் பெயர்; 'இரண்டாம் ஒளிவழி' என்பது பொருள். அங்கே எழுத விரும்புவோர் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டியதில்லை. பெயர் எழுதும் கட்டத்தை வெறுமையாய் விட்டால், கணினியே அவ்விடத்தில் 'நனஷி சான்' என்று எழுதிவிடும். பிரிவுக்குப் பிரிவு இச்சொல் சிறிது வேறுபடினும் கருத்து ஒன்றே. 'நனஷி' என்றால் பெயரில்லாமை. 'சான்' என்பது மதிப்பு உணர்த்தும் ஈறு. எனவே 'பெயரில்லாதவன்' என்று மொழிபெயர்ப்பது தவறு. 'பெயரிலார்' என்பதே நேரான தமிழ். பல்லாயிரவர் கூடிய அம்மன்றத்தில் பேசியவர் பெரும்பாலும் இந்தப் பெயரிலாரே.

இதன் விளைவை உணர்தற்கு ஜப்பானிய மொழியின் இயல்பு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். அம்மொழியில் 'நான்' என்பதற்கும் 'நீ' என்பதற்கும் சொற்கள் பல. கேட்பவர் மூத்தவரா, இளையவரா, மேலதிகாரியா, கீழ்ப்பணியாளரா என்பதைப் பொறுத்து வினைமுற்றுகளே மாறும். எதிரே இருப்பவரின் நிலை தெரியாமல் ஒரு தொடரைக்கூட இயல்பாகக் கூறி முடித்தல் அரிது. பெயரிலார் மன்றத்திலோ எதிரே இருப்பவர் பேராசிரியரா, பள்ளிச் சிறுவரா என்பதை அறிய வழியே இல்லை. ஆகவே பன்னூறாண்டுகளாக வளர்ந்த மரியாதை வழக்கென்னும் ஏணி அங்கே சாய்ந்து விழுந்தது. ஏணி இல்லாத இடத்தில் ஒருவரை ஒருவர் எதனால் அளப்பது? சொல்லால்தான். புதிதாய் வந்தவர் யார், பழகியவர் யார் என்பதை, அவர் எழுதும் சொற்களே காட்டிக் கொடுத்தன. கொல்லனின் குறிச்சொல் பொருளை மறைத்தது. பெயரிலாரின் குறிச்சொல் ஆளைக் காட்டியது. அதுவே அவருக்கு முகமாயிற்று.

அம்மன்றத்து வழக்குகள் சிலவற்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். ஒரு பொருள் பற்றிய உரையாடல் ஆயிரம் மறுமொழிகளை எட்டியதும் முடிந்துவிடும். அதன்மேல் எவரும் எழுத இயலாது. வேண்டுமாயின் புதிய உரையாடலைத் தொடங்கலாம். புதிதாக ஒருவர் எழுதுந்தோறும் அவ்வுரையாடல் பட்டியலின் உச்சிக்கு ஏறும். இதற்கு 'அகே' என்று பெயர். 'உயர்த்துதல்' என்று பொருள். தம் மறுமொழி அத்துணைச் சிறப்புடையதன்று, பிறர் பார்வையை ஈர்க்க வேண்டா என்று கருதுவோர், 'ஸகே', அதாவது 'தாழ்த்துதல்', என்று ஒரு மூலையில் குறித்துவிட்டு எழுதலாம். உரையாடல் இருந்த இடத்திலேயே இருக்கும். பெயரற்றவருக்குள்ளும் அடக்கம் பாராட்ட இப்படி ஒரு வழி இருந்தது! புதியவர் ஒருவர் வழக்கறியாது எழுதி இடர்ப்பட்டால், அவருக்குக் கூறப்பட்ட அறிவுரையும் சுவையானது: 'அரை ஆண்டுக் காலம் எழுதாதே, படித்துக்கொண்டு மட்டும் இரு.' கேள்விக்குப் பின்னரே சொல் என்னும் இம்முறை நம் பழைய திண்ணைப் பள்ளிக்கும் உடன்பாடானதே.

இனி, சொற்கள் பிறந்த வகையைக் காணலாம். ஜப்பானியர் சீனத்திலிருந்து பெற்ற உருவெழுத்துகளையும், தாமே அமைத்த இருவகை அசையெழுத்துகளையும் கலந்து எழுதுவர். ஒலி ஒன்றாகவும் உருவும் பொருளும் வேறாகவும் அமைந்த சொற்கள் அங்கே எண்ணிறந்தன. கணினியில் எழுதுவோர் ஒலியைத் தட்டச்சுச் செய்வர். கணினி அவ்வொலிக்குரிய உருவெழுத்துகளைக் காட்டும். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வர். விரைவில் எழுதுங்கால் தவறான உரு விழுந்துவிடும். இத்தவறுகளே மன்றத்தின் சொற்சுரங்கம் ஆயின.

'சூபோ' என்பது நடுநிலைப் பள்ளிப் பையனை இளக்காரமாகக் குறிக்கும் சொல். அதே ஒலியுடைய மற்றொரு சொல்லுக்குச் 'சமையலறை' என்று பொருள். பையனைக் குறிக்கும் உருவுக்கு மாறாகச் சமையலறையைக் குறிக்கும் உரு அமைந்தது, நகைப்பை விளைத்தது, நிலைத்தும் விட்டது. சிறுபிள்ளைத்தனமாகப் பேசுவோரையெல்லாம் 'சமையலறை' என்று ஏசத் தொடங்கினர். பின்னர் முதலெழுத்தாகிய 'சூ' மட்டும் தனித்து நின்று, வேறு சொற்களின் ஈற்றில் ஒட்டி, எதன்மீதும் எல்லைமீறிய பற்றுடையாரைக் குறிக்கும் விகுதிபோல் ஆயிற்று.

'யஷி' என்னும் சொல்லின் வரலாறு இதனினும் வியப்புடையது. 'யட்சு' என்றால் 'ஆள்', 'பயல்' என்பதுபோலப் பொருள்படும். அதன் ஈற்றில் நிற்கும் 'ட்சு' என்னும் அசையெழுத்தும் 'ஷி' என்னும் அசையெழுத்தும் வடிவில் மிக நெருங்கியவை. கோடுகள் சாயும் திசையில்தான் வேறுபாடு. ஒன்றை மற்றொன்றாக எழுத, 'யட்சு' 'யஷி' ஆயிற்று. 'யஷி' என்ற ஒலிக்கோ, திருவிழாக்களில் கடை விரித்து வித்தை காட்டிப் பொருள் விற்கும் வணிகரைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று ஏற்கனவே இருந்தது. அதன் மூன்று உருவெழுத்துகளையும் எடுத்து எழுதினர். ஆகவே 'அந்தப் பயல்' என்று கூற வேண்டிய இடத்தில் 'அந்தத் திருவிழா வணிகன்' என்று எழுதியிருக்கும். படிப்போரும் பிழையின்றிப் பொருள் கொள்வர். ஓலைச்சுவடிகளில் ரகரத்திற்கும் காலுக்கும் வேறுபாடின்மையால் நம் நூல்களில் எத்துணைப் பாடவேறுபாடுகள் தோன்றின என்பதை ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் அறிவர். அங்கே ஏடெழுதினோர் அறியாது பிழைத்தனர். பதிப்பித்தோர் அரும்பாடுபட்டுத் திருத்தினர். இங்கே பிழை என்று அறிந்தே அதனைக் காத்தனர்.

பிழையைக் காத்தனர் என்பதற்கு இன்னொரு சான்று. 'முன்பே கூறப்பட்டது' என்னும் பொருளுடைய 'கிஷுட்சு' என்ற சொல்லை எவரோ 'கைஷுட்சு' என்று பிழைபடப் படித்தார். நம்மவராயின் ஒரு நாள் நகைத்து மறந்திருப்போம். பெயரிலார் அப்பிழையையே வழக்காக்கினர்; 'கிஷுட்சு' என்று சரியாக எழுதியவரையே திருத்த முற்பட்டனர்! அவ்வாறே 'சூழ்நிலை, உணர்வு' என்று பொருள்படும் 'ஃபுன்இகி' என்ற சொல்லைப் பலரும் பேச்சில் 'ஃபுயின்கி' என்று எழுத்து மாற்றி ஒலிப்பர். அப்படியே தட்டச்சுச் செய்தால் கணினி உரிய உருவெழுத்தைத் தராது. 'ஏனோ உருமாறவில்லை' என்று அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்போடு அதனை எழுதுவது ஒரு விளையாட்டாயிற்று. தம்மை இலக்கணப் புலமையால் உயர்த்திக் காட்ட வருவோருக்கு வைத்த பொறி இது. 'அது பிழை' என்று எவர் திருத்த வந்தாரோ அவரே புதியவர் என்பது தெளிவாகிவிடும். ஆசிரியத் தொழிலுடையார் அம்மன்றத்தில் நெடுநேரம் தாங்கியிருத்தல் அரிது.

சுருக்கத்தாற் பிறந்த சொற்களும் உண்டு. உழைத்துக் களைத்தவருக்கு நன்றி கூறும் 'ஒட்சுகரே' என்ற சொல் 'ஒட்சு' எனக் குறுகி, அவ்வொலிக்கு உரிய மிக எளிய ஓர் உருவெழுத்தால் எழுதப்பட்டது. அவ்வெழுத்து ஒரே கீற்றால் ஆனது. 'இரண்டாவது' என்று பொருள்படுவது. இத்தகையன பல.

நகைப்பைக் குறிக்கும் அடையாளம் வளர்ந்த வரலாறு மட்டும் சிறிது விரித்துரைக்கத் தக்கது. 'வராய்' என்றால் சிரிப்பு. எழுதியதன் ஈற்றில், சிரிப்புக்குரிய உருவெழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுவது முன்பே இருந்த வழக்கம். அதற்கும் சோம்பியோர், அச்சொல்லை இலத்தீன எழுத்தில் எழுதினால் முதலில் வரும் டபிள்யூ என்னும் ஓரெழுத்தை மட்டும் இட்டனர். மிகுதியாகச் சிரிப்போர் அவ்வெழுத்தையே ஐந்தாறு முறை அடுக்கினர். அடுக்கிய வரிசை நிலத்தில் புல் முளைத்தாற்போலக் காட்சியளித்தது. எனவே சிரிப்பு வந்தது என்பதற்குப் 'புல் முளைத்தது' என்றனர். பின்னர்ப் 'புல்' என்றே முடித்துக்கொண்டனர். ஜப்பானிய மொழியில் புல்லுக்குப் பெயர் 'குசா'. சிரிப்பு ஒலியாய்ப் பிறந்து, உருவாகி, எழுத்தாகி, படமாகி, மீண்டும் ஒலியுள்ள சொல்லாயிற்று. ஆகுபெயரின் வகைகளை அடுக்கிக் கற்பித்த நம் உரையாசிரியர் இதனைக் கண்டிருப்பின் எவ்வகையுள் அடக்கியிருப்பரோ!

இதுகாறும் கூறியன சிரிப்பை விளைப்பன. மன்றத்து மொழிக்கு மற்றொரு முகமும் உண்டு. நம் இலக்கணத்தில் 'செத்தார்' என்பதைத் 'துஞ்சினார்' என்பது மங்கலம். ஜப்பானிய மொழியிலும் அத்தகைய வழக்கு உண்டு. 'இகு' என்றால் போதல். அதே ஒலியை வேறோர் உருவெழுத்தால் எழுதினால் 'காலமாதல்' என்னும் மங்கலப் பொருள் தரும். பெயரிலார் செய்தது யாதெனின், இந்த மங்கல உருவை எடுத்து 'இத்தே யோஷி' என்றொரு தொடரை ஆக்கினர். 'நீவிர் காலமாகலாம், தடையில்லை' என்பது அதன் கருத்து. மாண்டோரை மதித்தற்கு எழுந்த சொல் உயிருள்ளோரை ஏசுதற்குப் பயன்பட்டது. இன்னும் கடுமையான 'செத்துப்போ' என்னும் பொருளுடைய 'ஷினே' என்ற சொல்லையும், இறப்பைக் குறிக்கும் உருவை நீக்கி, குலப்பெயரைக் குறிக்கும் ஓர் உருவை இட்டு எழுதினர். ஒலி அதுவே, உரு மட்டும் வேறு. கண்ணுக்குக் கூர் மழுங்கிய அச்சொல் கைக்கு எளிதாயிற்று. மங்கலமும் குழூஉக்குறியும் ஒரு சொல்லில் கூடி இப்படித் தலைகீழாய் நிற்கும் என்பதை எந்த இலக்கணமும் எதிர்பார்த்திராது.

'இத்தே யோஷி' என்று ஏசப்பட்டவர் கூறும் மறுமொழியும் வழக்காயிற்று: 'ஒமாயே மொனா'. 'நீயும்தான்' என்பது பொருள். பெயரும் நிலையும் இல்லாத அவையில் இதனினும் பொருத்தமான விடை வேறில்லை. இத்தொடரின் ஈற்றிலிருந்தே 'மொனா' என்னும் பூனை பிறந்தது. எழுத்துகளையும் நிறுத்தக் குறிகளையும் அடுக்கி வரைந்த பூனை அது. நம் சித்திரகவியிலும் எழுத்துகள் தேராகவும் பாம்பாகவும் அமையும்; ஆயின் அங்கே எழுத்து தன் ஒலியை இழப்பதில்லை. இங்கே ஒலி போய்க் கோடு மட்டும் எஞ்சியது.

ஏச்சு ஏச்சோடு நின்றதா எனின், இல்லை. 2000ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், ஸாகா நகரிலிருந்து புறப்பட்ட பேருந்து ஒன்றைப் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் கத்தி முனையில் கடத்தினான்; பயணி ஒருவர் உயிரிழந்தார். கடத்துதற்குச் சிறிது முன்னர் 'புதிய பார்லித் தேநீர்' என்று பொருள்படும் புனைபெயரில் அவன் அம்மன்றத்தில் சில வரிகள் எழுதியிருந்தான். மன்றத்தின் பெயர் நாடெங்கும் பரவியது அந்நிகழ்ச்சியால்தான். அங்கே 'நேத' என்றொரு சொல் உண்டு. விதை என்று பொருள்படும் 'தநே' என்பதைத் தலைகீழாக்கிய சொல் அது. சரக்கு, கதைக்கான கரு என்று முன்பே வழங்கியது. மன்றத்தார் 'புனைந்துரைத்தது' என்னும் பொருளில் ஆண்டனர். எழுதப்பட்டது மெய்யா, நேதவா என்று ஐயுற்றுக்கொண்டே படிப்பது அங்கே பழகியவரின் திறமையாகக் கருதப்பட்டது. அத்திறமை மெய்யான அச்சுறுத்தலையும் விளையாட்டெனக் கொள்ளச் செய்யவல்லது. அவதூற்றுக்கு ஆளானோர் தொடுத்த வழக்குகளிலும், எழுதியவர் பெயரிலாராகையால், மன்றத்தைத் தோற்றுவித்த நிஷிமுராவுக்கு எதிராகவே தீர்ப்புகள் பல வந்தன.

எழுதியவர் இன்னார் என்றில்லாத பொருளுக்கு உரிமையாளர் யார்? இவ்வினாவும் எழுந்தது. எழுத்தால் வரைந்த 'கிகோ' என்னும் மற்றொரு பூனையின் பெயரை 2002ஆம் ஆண்டு ஒரு விளையாட்டுப் பொருள் நிறுவனம் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. 2005ஆம் ஆண்டு, மொனாவை ஒத்த பூனை உருவொன்றை ஓர் இசை வெளியீட்டு நிறுவனம் விற்பனைப் பொருள்களில் பயன்படுத்த, அதற்கும் சின்னப் பதிவு கோரப்பட்டது. இருமுறையும் பெயரிலார் திரண்டு எதிர்த்தனர். இருமுறையும் விண்ணப்பம் கைவிடப்பட்டது. 'எவருடையதும் அன்று' என்பதை 'எல்லாருடையதும்' என்று அவர் பொருள் கொண்டனர்.

நூல் உலகத்திலும் இச்சிக்கல் வந்தது. 2004ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், கூச்ச இயல்புடைய இளைஞர் ஒருவர், தொடர்வண்டியில் குடிகாரன் ஒருவனால் தொல்லையுற்ற பெண்களுக்குத் தாம் துணைநின்றதையும், அவர்களுள் ஒருத்தி நன்றி கூறித் தேநீர்க் கோப்பைகள் அனுப்பியதையும் மன்றத்தில் எழுதி, அடுத்து என் செய்வது என்று கேட்டார். எவ்வாறு தொலைபேசியில் பேசுவது, எங்கே உணவுக்கு அழைப்பது என்று பெயரிலார் இரவெல்லாம் விழித்திருந்து அறிவுரை கூறினர். 'இத்தே யோஷி' என்ற அதே வாய்கள்தாம்! அவ்வுரையாடல் அவ்வாண்டு அக்டோபரில் 'தென்ஷா ஒதொகோ', அதாவது 'தொடர்வண்டி மனிதன்', என்ற நூலாய் வெளிவந்து மிகப் பெரிய விற்பனை கண்டது. மறு ஆண்டே திரைப்படமும் தொலைக்காட்சித் தொடரும் ஆயிற்று. நூலாசிரியர் பெயராக அட்டையில் அச்சிட்டது 'நகானோ ஹிதோரி' என்பது. பார்வைக்கு ஆட்பெயர்போல் தோன்றும். ஒலித்துப் பார்த்தால் 'உள்ளிருப்போருள் ஒருவர்' என்று பொருள்படும். தொகைநூல்களில் புலவர் பெயர் அறியப்படாத பாடல்களுக்கு முன்னோர் செய்த ஏற்பாடுகளை ஒப்பிட்டு நோக்குவோருக்கு இதன் அருமை புலப்படும்.

இச்சொற்கள் கடல் கடந்தும் சென்றன. கிறிஸ்டபர் பூல் என்னும் பதினைந்து வயது அமெரிக்கர், ஜப்பானியப் பெயரிலார் மன்றங்களைப் பின்பற்றி, 2003ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் 'நான்காம் ஒளிவழி' என்று பொருள்படும் 'ஃபோர்சான்' மன்றத்தைத் தொடங்கினார். 'ஸகே' என்ற குறிச்சொல்லும் உடன் சென்றது. ஆயின் ஆங்கிலேயர் அவ்வெழுத்துகளைத் தம் மொழியில் ஞானியையும் ஒரு மூலிகையையும் குறிக்கும் 'சேஜ்' என்ற சொல்லாகப் படித்தனர். பொருளும் திரிந்தது. பிறருக்கு இடையூறாகாது தாழ்ந்து நிற்கும் அடக்கத்தைக் குறித்த சொல், 'உன் உரையாடல் உயர்த்தத் தக்கதன்று' என்று இகழும் சொல்லாயிற்று. சொல் சென்றது, அதனோடு சேர்ந்த பண்பாடு செல்லவில்லை.

குழூஉக்குறி பொதுவழக்காதல் ஜப்பானியருக்குப் புதிதன்று. 1336 முதல் 1573 வரை நிலவிய முரோமாச்சிக் காலத்தில், கியோத்தோ அரண்மனையில் பணிபுரிந்த மகளிர், உணவுப் பொருள்களையும் கலங்களையும் நேரே பெயர் சொல்லிக் கூறுவது நயமன்று என்று கருதித் தமக்கென ஒரு மொழி வகுத்துக்கொண்டனர். 'ஷகுஷி' என்றால் அகப்பை. அதன் முதலசையை மட்டும் வைத்துக்கொண்டு, 'எழுத்து' என்று பொருள்படும் 'மோஜி' என்பதைச் சேர்த்து 'ஷமோஜி' என்றனர். அதாவது, 'ஷ என்னும் எழுத்தால் தொடங்கும் அது'. பசியைக் கூறும் 'ஹிதருஷி' என்பதையும் அவ்வாறே 'ஹிமோஜி' ஆக்கினர். இன்று ஜப்பானிய இல்லம் ஒவ்வொன்றிலும் சோறு எடுக்கும் அகப்பைக்கு 'ஷமோஜி' என்பதே பெயர். அது அரண்மனைச் சேடியரின் குறிச்சொல் என்று எண்ணி எவரும் சோறு பரிமாறுவதில்லை.

பெயரிலார் மன்றத்துச் சொற்களுள் பல இதற்குள் மடிந்தன. திருவிழா வணிகனாகிய 'யஷி' பழமைப்பட்டுவிட்டது. அதனை இன்று எழுதுவோர் தம் வயதைத் தாமே வெளிப்படுத்திக் கொள்வர். மன்றமும் 2014ஆம் ஆண்டு நிஷிமுராவின் கையை விட்டு நீங்கி, 2017ஆம் ஆண்டு அக்டோபரில் 'ஐந்தாம் ஒளிவழி' என்று பெயர் மாற்றம் பெற்றது. 'குசா' மட்டும் திரையைவிட்டு இறங்கி வாய்க்கு வந்துள்ளது. தோழன் ஒருவன் வேடிக்கையாக ஏதேனும் கூறினால், ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பதற்கு மாறாகப் 'புல்' என்று வாய்விட்டே கூறுகின்றனர். அவர்களுள் பலர் அப்பழைய மன்றத்தைக் கண்டதே இல்லை.